ஒரு நூல் கூடியிருக்கிறதா?

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி. தென் மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் அறுவைச் சிகிச்சை வெளிநோயாளர் பிரிவில், ஓ.பி. சீட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த கூட்டத்தின் நடுவே, ஐம்பது வயதை எட்டிய தையற்காரர் ஒருவர், சட்டையின் இடது கையை முழங்கை வரை மடித்துவிடுவதும் மறுகணமே யாரோ பார்த்துவிட்டாற்போல இறக்கிவிடுவதுமாக இருந்தார். அவருடைய முறை வந்தது. மேசைக்கு எதிரே இருந்த இளம் பெண் டாக்டர், மடித்த கைக்குக் கீழே தென்பட்டதைக் கண்டு எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். முன்னங்கையின் உட்புறத்தில், தோலுக்கடியில் ஒரு கோலிக்குண்டை வைத்துத் தைத்தாற்போலப் புடைப்பு ஒன்று. அதைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம். அதற்கு வெளியே கறுப்பு மையில் இன்னொரு வட்டம். அதற்கும் வெளியே சிவப்பில் ஒன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி. குளிக்கும்போது மங்கிய கோட்டின் மேல் அன்றன்றைக்கு மறுகோடு இழுத்து, மூன்று வாரத்துச் சரித்திரத்தை அவர் அழியாமல் காப்பாற்றி வைத்திருந்தார்.

"என்னங்கய்யா இது, மேப்பா?" என்றார் டாக்டர்.

"தினமும் அளந்து பார்க்கிறேம்மா. போன புதன்கிழமைக்கு இன்னிக்கு ஒரு நூல் கூடியிருக்கு."

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். இருபது ஆண்டுகளாக என் சட்டைகளைத் தைத்துத் தருகிற இந்த மனிதர், நாடாவை இறுக்கிப் பிடித்தால் ஒரு நூல் குறையும், தளர்த்திப் பிடித்தால் ஒரு நூல் கூடும் என்பதைத் தம்மிடம் தொழில் பழக வந்த பையன்களுக்குத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தவர். தம் கையில் எழுந்த புடைப்பை அளக்கும்போது மட்டும் அந்தப் பாலபாடத்தை அடியோடு மறந்துபோனார். காலையில் கடையின் ஷட்டரைத் தூக்கியதும், சுவாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்துவதற்கு முன்பே ஓர் அளவு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஓர் அளவு. இரவில், மனைவி உறங்கிவிட்டாள் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, குளியலறை வெளிச்சத்தில் மூன்றாவது அளவு. கூடியிருந்தால் அன்று வேலை ஓடாது; குறைந்திருந்தால், சரியாக அளக்கவில்லையோ என்ற சந்தேகத்தில் வேலை ஓடாது. கல்யாண மாதத்து ரவிக்கைத் துணிகள் கடையில் மூட்டையாகக் கிடந்தன.

"தனியாகப் போகக் கால் வரமாட்டேங்குது, துணைக்கு வாங்க சார்" என்று அவர் என்னை அழைத்ததற்கும், உடம்பில் தென்படும் கட்டியைப் பற்றியும் அதனால் வரும் பீதியைப் பற்றியும் எழுதும்படி ஆசிரியர் என்னைப் பணித்ததற்கும் இடையே நான்கு நாள்கூட இல்லை. நம் பத்திரிகையின் வைத்தியர் பகுதிக்கு அந்தக் கேள்வி வராத வாரமே இல்லை என்பது ஆசிரியரின் வாதம். ஆகவே துணைவனாகவும் பத்திரிகைக்காரனாகவும் இரட்டை வேஷம் பூண்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கென்று கட்டி எதுவும் இல்லாத நிம்மதியோடு உட்கார்ந்திருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

விரல் செய்யும் வேலை

டாக்டர் இரண்டு விரல்களால் அந்தப் புடைப்பின் விளிம்பை மெல்ல அழுத்தினார். ஈரமான சோப்புத்துண்டு கையிலிருந்து நழுவுவது போல் அது விரலுக்கடியிலிருந்து நழுவி அப்பால் போயிற்று. மெத்தென்ற பதம், வலியின்மை, தோலோடும் கீழே உள்ள தசையோடும் ஒட்டாமல் இப்படி வழுக்கிப் போகும் சுபாவம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், பெரும்பாலும் அது கொழுப்பு அணுக்கள் மெல்லிய உறை ஒன்றுக்குள் கூடி வளர்ந்த கொழுப்புக்கட்டி; நூறு பேரில் ஒருவருக்கு இருக்கக்கூடியது என்று வைத்திய நூல்கள் கணக்கிடுவது; நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில் அதிகமாகத் தலைகாட்டுவது; உடையவருக்கு அழகுக் குறையைத் தவிர வேறு குறை எதையும் வைக்காமல் ஆயுள் முழுவதும் கூட இருப்பது.

இவ்வளவும் அந்தப் புடைப்பைப் பற்றிய விஷயம். அதைத் தேடிப் போன விரலைப் பற்றிய விஷயம் இதைக் காட்டிலும் சுவாரசியமானது. நாளொன்றுக்கு முப்பது தடவை அழுத்தப்படும் எந்தத் தசையும் வலிக்கும். கிள்ளப்படும் எந்தத் தோலும் சிவக்கும். நெறி கட்டிய இடத்தை உருட்டிக்கொண்டே இருந்தால் அது வற்றுவதற்கு இன்னும் சில நாள் பிடிக்கும். அழுத்தியதால் வந்த வலி, 'நேற்று வலிக்கவில்லையே, இன்று வலிக்கிறதே' என்ற புதிய சாட்சியாகி, இன்னும் பலமாக அழுத்தச் சொல்கிறது. வழக்கைத் தொடுத்தவரே பொய்ச்சாட்சியையும் தயாரித்துக் கூண்டில் ஏற்றிவிடுகிறார். ஆனால் தாம் தயாரித்தது என்பது அவருக்கே தெரியாது.

அன்றியும், ஓரிடத்தில் கட்டியைக் கண்ட விரல் அவ்விடத்தோடு நிற்பதில்லை. உடம்பு முழுவதும் தணிக்கை தொடங்குகிறது. நெஞ்சுக்குழியில், மார்பெலும்பின் அடிநுனி சிறிய கொம்பு போல் முடியும் இடத்தை, பிறந்தது முதல் தம்மிடம் இருந்ததை, நாற்பத்தைந்தாம் வயதில் முதன்முதலாகத் தொட்டறிந்து, வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேடு, தாடைக்கடியில் இருபுறமும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி, ஒல்லியானவர்களின் அரையிடுக்கில் எப்போதும் தட்டுப்படும் சிறு நிணநீர் முடிச்சு ஆகிய யாவும் இத்தணிக்கையில் குற்றவாளிகளாகப் பிடிபடுகின்றன.

தொடுகையைப் பற்றி ஒரு விநோதமான சரித்திரம் நினைவுக்கு வருகிறது. கழுத்து நெறிகள் மாலைபோல் வீங்கும் காசநோயை நம் வைத்தியர்கள் கண்டமாலை என்றார்கள். ஆங்கிலேயரோ அதை அரசரின் வியாதி என்று அழைத்து, முடிசூடிய அரசர் தொட்டால் அது தீரும் என்று நம்பினார்கள். பின்னாளில் அகராதி எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன் குழந்தையாக இருக்கும்போது, 1712-இல், அன்னை அவரை லண்டனுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஆன் மகாராணியின் கையால் தொடச் செய்தாள். நோய் தீரவில்லை, தழும்பு கடைசி வரை இருந்தது. அரசரின் ஒரு தொடுகைக்காக ஊர் ஊராய் ஜனங்கள் பிரயாணம் செய்த காலம் அது. நாம் நம் கட்டியை நாளெல்லாம் நாமே தொட்டுக்கொள்கிறோம். குணத்தை எதிர்பார்த்துத் தொடவில்லை என்பதுதான் வித்தியாசம்.

---

பெட்டிச் செய்தி: மிளகு முதல் எலுமிச்சை வரை

மில்லிமீட்டர் கணக்கு டாக்டருக்கு. நம் ஜனங்களுக்குக் கட்டியின் அளவு மிளகு, பட்டாணி, புளியங்கொட்டை, சுண்டைக்காய், நெல்லிக்காய், எலுமிச்சம்பழம் என்று சமையலறையிலேயே வரிசையாக இருக்கிறது. ஓ.பி.யில் நிபுணர்களும் இந்த அளவையைப் புரிந்துகொண்டுதான் எழுதுகிறார்கள்.

தோலோடு ஒட்டியிருந்து, உச்சியில் கரும்புள்ளி போல் ஒரு துவாரம் தெரிந்தால் அது பெரும்பாலும் தோல்நீர்ப்பை என்னும் உறைக்கட்டி. பிதுக்கினால் துர்நாற்றமுள்ள வெண்ணிற மாவு வரும், ஆனால் உறை உள்ளேயே தங்குவதால் மறுபடியும் நிரம்பும், சில சமயம் சீழும் பிடிக்கும். மணிக்கட்டின் மேற்புறத்தில் உருண்டையாக எழுவது மூட்டுநீர் தேங்கிய பை. மேலைநாட்டில் கனத்த பைபிள் புத்தகத்தால் அதை ஓங்கி அடித்து உடைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது, யாரும் பின்பற்ற வேண்டாம். காலில் புண் வந்தால் அரையிலும், கையில் புண் வந்தால் அக்குளிலும், பல் சொத்தையானால் தாடைக்கடியிலும் நெறி கட்டுவது, அந்தந்தப் பேட்டையின் காவல் நிலையம் விழித்துக்கொண்டதற்கு அடையாளம்.

தசை, கொழுப்பு முதலிய மென்மையான திசுக்களில் தோன்றும் கட்டிகளில், தீங்கற்றவை நூறு என்றால் புற்று ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது.

---

'ஒண்ணுமில்லை' என்ற மருந்து

"கொழுப்புக்கட்டிதாங்கய்யா. பயப்பட வேண்டியதில்லை" என்றார் டாக்டர். தையற்காரரின் முகம் மலர்ந்தது. கதவு வரை போனவர் திரும்பி வந்தார். "வேற ஒண்ணும் இல்லைதானேம்மா?" இல்லை என்று பதில் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டவர் மறுபடியும் உள்ளே தலையை நீட்டினார். "டெஸ்ட் பண்ணாம எப்படிம்மா சொல்றீங்க?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையே கழிந்தது நான்கு நிமிஷம். வீட்டில் இதே கேள்வியை அவர் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தொட்டுப் பார்த்து "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லியிருக்கிறார். அலுப்புத் தாங்காமல் பதினோராம் தடவை "ஆமா, ஏதோ இருக்குற மாதிரிதான் இருக்கு" என்று ஒரு வார்த்தை விட்டுவிட, அன்று இரவு இருவருக்கும் நித்திரை இல்லை. கல்லூரியில் படிக்கும் மகன், அப்பாவின் கைப்பேசியில் கட்டி என்று தேடியதன் தொடர்ச்சியாகப் புற்றுநோய் மருத்துவமனை விளம்பரங்களே வந்து நிற்பதைக் கண்டு, கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். அப்பா பக்கத்துக் கடைக்காரரின் கைப்பேசியை இரவல் வாங்கினார்.

1986-இல் இங்கிலாந்தின் ஆய்வாளர்கள் பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் இருவரும் எழுதிய ஆய்வுரை ஒன்று, அது வரை வைத்தியர்கள் கருணை என்று கருதியிருந்த ஒரு காரியத்தைக் கேள்விக்கு உட்படுத்தியது. நோய்ப்பீதி கொண்டவருக்கு 'ஒன்றுமில்லை' என்று திரும்பத் திரும்பத் தேறுதல் சொல்வது, பீதியைத் தணிப்பதற்குப் பதில் நாளடைவில் வளர்க்கிறது என்பது அவர்கள் கண்டது. தேறுதல் கிடைத்த மாத்திரத்தில் உள்ளம் குளிர்கிறது. ஆனால் அந்தக் குளிர்ச்சி உள்ளேயிருந்து வந்ததன்று, இன்னொருவர் வாயிலிருந்து வந்தது என்பதால், சற்று நேரத்தில் ஆறிப் போய், மறுபடி அதே வாயைத் தேடிப் போகச் செய்கிறது. தேடிப் போகும் இடைவெளி முதலில் ஒரு நாள், பிறகு அரை நாள், பிறகு ஒரு மணி நேரம் என்று சுருங்குகிறது. கட்டி வளர்ந்ததோ இல்லையோ, கேள்வி வளர்ந்துவிட்டது.

இந்த நிலையில் உள்ளவரைப் பார்த்து 'எல்லாம் மனப்பிராந்தி' என்று சொல்லிச் சிரிப்பது நம் குடும்பங்களில் சகஜம். சில ஆஸ்பத்திரிகளிலும் சகஜம். அது கொடுமை மட்டுமல்ல, தவறும்கூட. அவருடைய வயிற்றைப் பிசையும் உணர்ச்சியும், நெஞ்சுப் படபடப்பும், உள்ளங்கை வியர்வையும் பிரத்தியட்சமானவை. எவரும் வேண்டுமென்று வரவழைத்துக்கொள்வதில்லை. சுவீடன் தேசத்தில் பல ஆண்டுகளின் பதிவேடுகளைப் புரட்டி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், தீராத நோய்ப்பீதி என்று நிர்ணயிக்கப்பட்டவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் சராசரியாக ஐந்தாண்டு முன்னதாகவே இறந்திருந்தார்கள். இயற்கை மரணங்களும் அதில் கூடுதலாக இருந்தன; தற்கொலைகளும் கூடுதலாக இருந்தன. இல்லாத நோய்க்கு அஞ்சுகிறவர் என்று நாம் அலட்சியம் செய்யும் அந்த மனிதர், இருக்கின்ற ஒரு நோயின் பிடியில்தான் இருக்கிறார். அவர் காட்டுகிற இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

---

பெட்டிச் செய்தி: நான்காம் நாள் நாடகம்

பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர், நோயே இல்லாமல் நோயாளியாகப் படுத்துக்கொண்டு வைத்தியர்களுக்கு அள்ளிக்கொடுக்கும் ஒரு தனவந்தரைப் பற்றிக் 'கற்பனை நோயாளி' என்ற பொருளில் பெயரிட்ட நகைச்சுவை நாடகத்தை 1673-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாரிஸில் அரங்கேற்றினார். அந்த நோயாளியின் வேஷத்தைத் தாமே கட்டினார். நான்காம் நாள் ஆட்டத்தில் மேடையிலேயே அவருக்கு வலிப்புப் போல் வந்து, சமாளித்து ஆட்டத்தை முடித்து, வீட்டுக்குக் கொண்டுபோன சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. அன்று மேடையில் கேட்ட இருமல், மெய்யான மார்பு நோயின் இருமல்.

ஐரோப்பிய வைத்தியம் இந்தப் பீதிக்கு வைத்திருந்த பழைய பெயர், விலாக் குருத்தெலும்புக்குக் கீழே என்று பொருள்படும் கிரேக்கச் சொல். சஞ்சலம் அங்கேதான் உற்பத்தியாகிறது என்பது முன்னோர் கொள்கை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தன் கையேட்டிலிருந்து, வசைச்சொல்லாகிவிட்ட அந்தப் பெயரை நீக்கி, நோய்ப்பதற்றக் கோளாறு என்ற பொருளில் வேறு பெயர் வைத்தது.

---

தேடினால் கிடைக்கும்

'எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்' என்ற வாக்கியத்துக்கு நம் நாட்டில் கிடைக்கும் மரியாதை வேறெந்த வாக்கியத்துக்கும் கிடையாது. கையில் பணமும் மனத்தில் பீதியும் உள்ளவர், டாக்டர் வேண்டாம் என்றாலும் சலுகைக் கட்டண முழுவுடல் பரிசோதனைக்குத் தாமே சீட்டு வாங்கிக்கொள்கிறார். அங்கே கைக்கட்டியில் ஒன்றுமில்லை என்று வருகிறது. ஆனால் ஈரலில் ஒரு சிறு நீர்ப்பை, சிறுநீரகத்தில் ஒரு புள்ளி, தைராய்டில் ஒரு முடிச்சு என்று, வாழ்நாள் முழுவதும் தெரியாமலே இருந்து தெரியாமலே போயிருக்கக்கூடிய மூன்று புதிய விஷயங்கள் அச்சில் வருகின்றன. ஒரு பயத்தோடு போனவர் மூன்று பயங்களோடு திரும்புகிறார்.

இதை ஒரு தேசமே செய்து பார்த்த கதை தென்கொரியாவின் கதை. 1999-இல் அங்கே அரசாங்கம் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, பட்டியலில் இல்லாத தைராய்டு ஸ்கேனையும் சொற்பக் கட்டணத்துக்குக் கூடவே செய்துகொள்ளும் வழக்கம் பரவிற்று. விளைவு, 2011-இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டுப் புற்றுகளின் விகிதம் 1993-இல் இருந்ததைப் போல் 15 மடங்கு. அந்நோயால் இறந்தவர்களின் விகிதமோ ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதாவது, கொல்லக்கூடிய புற்று அதிகமாகவில்லை. எவரையும் கொல்லாமல் கழுத்தில் உறங்கிக்கொண்டிருந்த மிகச்சிறு புற்றுகள் தட்டி எழுப்பப்பட்டன. அப்படி எழுப்பப்பட்டவற்றுக்காகக் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்ட பல்லாயிரம் பேரில் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் ஹார்மோன் மாத்திரை விழுங்க வேண்டியவர்களானார்கள். வைத்தியர்கள் சிலர் 2014-இல் இதை வெளிப்படையாக எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகே அங்கே அறுவைகள் குறைந்தன.

பரிசோதனையே கூடாது என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு செய்யும் பரிசோதனை வேறு. கேள்வியே இல்லாமல் வலை வீசுவது வேறு. முன்னதற்கு டாக்டர் வேண்டும். பின்னதற்குப் பணம் மட்டும் போதும்.

ஒளிகிறவர்கள்

அன்று அதே பெஞ்சின் மறுமுனையில், முந்தானையைத் தோள்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மார்பில் ஒரு கட்டி. எத்தனை நாளாக என்று நர்ஸ் கேட்டதற்கு, "மூத்தவளுக்குச் சீமந்தம் முடியட்டும்னு இருந்தேன்" என்றார். சீமந்தம் முடிந்து, பிரசவம் முடிந்து, பேரனுக்குக் காது குத்தியும் ஆகிவிட்டது. நம் பெண்கள் காலத்தை நாள்காட்டியால் அளப்பதில்லை, விசேஷங்களால் அளக்கிறார்கள். அந்த அளவில் அவர் சொன்னதைக் கணக்கிட்டால் ஏறக்குறைய இரண்டு வருஷம்.

அவரையும் என் தையற்காரரையும் ஒரே பெஞ்சில் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. மூன்று வாரத்தில் அறுபது தடவைக்கு மேல் அளந்தவரும், இரண்டு வருஷத்தில் ஒரு தடவையும் காட்டாதவரும் ஒரே பீதியின் இரண்டு பிள்ளைகள். ஒருவர் பயத்தினால் ஓடுகிறார். மற்றவர் பயத்தினால் ஒளிகிறார். ஓடுகிறவரைப் பற்றிச் சிரிக்க ஆள் இருக்கிறது, ஒளிகிறவரைப் பற்றிப் பேச ஆள் இல்லை. ஆனால் விபரீதம் அதிகம் விளைவது ஒளிகிற பக்கத்தில். நம் தேசத்தில் மார்பகப் புற்று முற்றிய நிலையில் வைத்தியரிடம் வந்து சேர்வது இன்றும் அதிகமாக இருப்பதற்கு, தூரமும் வறுமையும் மட்டும் காரணமல்ல.

சொல்லையே அஞ்சுகிறோம். அந்த நோயின் பெயரை உச்சரித்தால் அது வீட்டுக்குள் வந்துவிடும் என்பதுபோல, அந்த வியாதி, கெட்ட கட்டி, விஷக்கட்டி என்று சுற்றி வளைத்துச் சொல்கிறோம். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணின் கழுத்தில் நெறி வீங்கினால், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடுமே என்று தாவணியால் மறைத்து, ஆறு மாத மாத்திரையில் தீரக்கூடிய காசநோயை ஒரு வருஷம் வளர விடுகிறோம். இதற்கிடையில், எருக்கம்பாலைத் தடவு, காய்ச்சிய கம்பியால் சுடு என்று யோசனை சொல்ல ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. அவை கட்டியைக் கரைப்பதற்குப் பதில் தோலைப் புண்ணாக்கி, பிறகு பார்க்கும் வைத்தியருக்கு அடையாளத்தையே குழப்பிவிடுகின்றன. ஊசி குத்தினால் பரவும், கத்தி பட்டால் பரவும் என்ற நம்பிக்கை இன்னொரு பக்கம். ஊசிப் பரிசோதனையால் புற்று பரவுவது மிக மிக அபூர்வம். ஊசிக்குப் பயந்து காத்திருந்த காலத்தில் பரவுவது அபூர்வமன்று.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தைப் பல்லாண்டு மனத்தில் சுமந்து, 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு ஒரு சிறு கட்டடத்தில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-இல் மறையும் வரை அந்த வளாகத்தை விட்டு அகலவில்லை. அவ்விருவரும் வாழ்நாள் முழுவதும் கத்தியோடும் கதிரோடும் போராடியதைப் போலவே, அந்த நோய் என்றாலே மரணம் என்ற ஜனங்களின் தீர்மானத்தோடும் போராட வேண்டியிருந்தது.

---

பெட்டிச் செய்தி: நாள் கடத்தக் கூடாதவை

பெண்ணோ ஆணோ, மார்பில் புதிதாகத் தென்படும் எந்தக் கட்டியும். பெரும்பாலானவை தீங்கற்றவையே என்றாலும், அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். விரையில் தென்படும் கட்டியும் அப்படியே.

எலுமிச்சம்பழ அளவை, அதாவது 5 சென்டிமீட்டரைத் தாண்டியது. ஆழத்தில் தசையோடு ஒட்டி அசையாதது. வாரங்களில் கண்கூடாக வளர்வது.

மூன்று நான்கு வாரம் கழித்தும் வற்றாத கழுத்து நெறி. அதிலும் மாலைக் காய்ச்சலும், இரவு வியர்வையும், உடம்பு இளைப்பும் சேர்ந்தால் உடனே. கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே உள்ள குழியில் எழும் கெட்டியான நெறி எந்த அளவாயினும்.

நிறமோ விளிம்போ மாறுகின்ற, கசிகின்ற மச்சம். நம்மவர்க்கு அது உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரக்கூடும் என்பதால் அங்கேயும் ஒரு பார்வை.

---

ஒரு வாரம்

மறுபடியும் தலையை நீட்டிய தையற்காரரிடம் டாக்டர் கோபிக்கவில்லை. உட்காரச் சொன்னார். "நான் இன்னும் பத்துத் தடவை சொன்னாலும் வாசல்வரைக்கும்தான் தாங்கும். அதனால ஒண்ணு செய்வோம். ஒரே ஒரு ஊசி டெஸ்ட். அதுல வர்றதை நீங்களும் நம்பணும், நானும் நம்பணும். அப்புறம் மூணு மாசம் கழிச்சு நானே அளப்பேன். அது வரைக்கும் உங்க டேப்பு துணிக்கு மட்டும்தான். சரியாங்கய்யா?"

கவனித்துப் பார்த்தால் அந்தப் பேச்சில் சிகிச்சையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. தேறுதலை ஒரு தடவைக்குச் சுருக்கினார்; காத்திருப்புக்கு ஒரு தேதி வைத்தார்; அளக்கும் அதிகாரத்தை அவரிடமிருந்து வாங்கித் தம்மிடம் வைத்துக்கொண்டார். எல்லையில்லாத ஒரு மாதத்தைவிட எல்லை தெரிந்த மூன்று மாதம் மனத்துக்கு இலேசு.

ஊசிப் பரிசோதனை, பார்ப்பவரின் கற்பனையில்தான் பயங்கரம். இரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, முன்னும் பின்னும் சில தடவை அசைத்து, உள்ளே சிக்கிய துளியைக் கண்ணாடித் தகட்டில் தீற்றி, சாயம் ஏற்றி, நுண்நோக்கியில் பார்ப்பார்கள். 1930-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஆஸ்பத்திரியில் மார்ட்டின், எல்லிஸ் என்ற இருவர் இம்முறையைப் பற்றி எழுதினார்கள். இன்று நம் மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறது. குத்தி முடிக்க ஒரு நிமிஷம். முடிவு வருவதற்குத்தான் நாள் பிடிக்கும். எங்களுக்கு ஒரு வாரம் என்றார்கள்.

அந்த வாரத்தை எப்படிக் கழிப்பது? இதற்குத்தான் வாசகர்கள் வழி கேட்கிறார்கள். அறிவுக்கு எட்டிய பதிலைக் காட்டிலும், தையற்காரர் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். தொடவே கூடாது என்று சபதம் செய்தவர் முதல் நாளே தோற்றார். சபதம் விரலுக்குத் தெரியவில்லை. இரண்டாம் நாள் முதல், டாக்டர் சொல்லி அனுப்பிய யோசனைப்படி, மாலை ஆறு மணிக்குக் கால் மணி நேரம் கவலைக்கென்றே ஒதுக்கினார். மற்ற வேளைகளில் எண்ணம் எழுந்தால் 'ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைத்தார். ஆறு மணிக்குக் கடையில் கூட்டம் அதிகமாக இருக்கும் என்பதால் இரண்டு நாள் கவலைப்பட நேரமே கிடைக்கவில்லை என்று பிறகு சற்று வருத்தத்தோடு சொன்னார். முழுக்கை ரெடிமேட் சட்டை ஒன்றை, தையற்காரர் வீட்டுக்கு இது அவமானம் என்று முணுமுணுத்துக்கொண்டே, மகன் வாங்கி வந்தான். மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டால் விரல் உள்ளே போவதற்கு ஒரு தடை. மனைவியோ, 'ஒண்ணுமில்லை' என்பதை நிறுத்திவிட்டார். கேட்கும்போதெல்லாம், "பயமா இருக்குதாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த ஒரு மாற்றத்தைப் பற்றி அவர் என்னிடம் சொன்னபோது, கட்டியைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் கலங்காத கண் கலங்கிற்று.

இவ்வளவிலும் அடங்காத பீதி உண்டு. முடிவு நல்லதாக வந்த பின்பும், சோதனைச்சாலையில் தகடு மாறிப் போயிருக்குமோ என்று தொடங்கி, வேலையும் உறக்கமும் மாதக்கணக்கில் கெடுவதானால், அது தனிச் சிகிச்சைக்குரிய நோய். அதற்குப் பலனுள்ள சிகிச்சையும் இருக்கிறது. இங்கிலாந்தில் இருதயம், மூச்சு, வயிறு என்று பல பிரிவுகளுக்கு வந்துகொண்டிருந்த நோய்ப்பீதியர் 444 பேரைக் கொண்டு பீட்டர் டைரர் குழுவினர் நடத்தி, 2014-இல் லான்செட் ஏட்டில் அச்சான ஆய்வில், எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சுச் சிகிச்சை, ஐந்து முதல் பத்து அமர்வுகளிலேயே பயன் தந்தது. இரண்டாண்டு கழித்தும் அந்தப் பயன் நிலைத்தது. அந்தச் சிகிச்சையைத் தந்தவர்கள் பெரிய நிபுணர்கள் அல்லர். அதற்கென்று பயிற்சி பெற்ற நர்சுகளும் அவர்களில் இருந்தார்கள். நம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் இதற்கு வழி உண்டு. அங்கே போகக் கூசுகிறவர்கள், 2022-இல் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம், கட்டணமில்லை.

ஏழாம் நாள் முடிவு வந்தது. கொழுப்புக்கட்டி. தாளை அவர் இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை படிக்க எடுத்தவர், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். கட்டியை எடுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்டதற்கு, "இருந்துட்டுப் போகட்டும்மா" என்றார். அந்த அம்மாளின் முடிவு அன்று வரவில்லை. சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். பெஞ்சில் அவருடைய பையை மகள் மடியில் வைத்துக்கொண்டு, கைக்குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்து, வெள்ளைச் சட்டை ஒன்று தைக்கக் கொடுக்க அவருடைய கடைக்குப் போனேன். கையில் வட்டங்கள் இல்லை. பழைய உற்சாகத்தோடு தோளை அளந்தார், மார்பை அளந்தார், பையனைக் கூப்பிட்டு எண்களைச் சொன்னார். கழுத்துக்கு நாடாவைச் சுற்றும்போது அவர் விரல் பின்கழுத்தில் ஓரிடத்தில் நின்றது.

"சார், இது எத்தனை நாளா இருக்கு?"

"எது?"

"காலர் உட்காருற இடத்துல. பட்டாணி அளவுக்கு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கை அங்கே போய்விட்டது. இருந்தது. அழுத்தினேன்; அசைந்ததா, அசையவில்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மறுபடியும் அழுத்தினேன். நாடாவை நீட்டும்படி நான் கேட்பதற்குள் அவர் அதைத் தம் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, என் கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு ஓ.பி. இருக்கு சார். துணைக்கு நான் வர்றேன்."